4.52 பெல்லட்டை டையில் அழுத்தி 4.50 ஆக்கலாமா? (ஏர் ரைபிள், மலைப்பகுதி இழை)

#1 குன்னூர்_மேகம்

வணக்கம். 10 மீட்டர் பிசிபி (சிலிண்டரில் முன்னாடியே காற்று நிரப்பின) மேட்ச் ரைபிள், 4.5 மி.மீ. காலிபர். டெஸ்ட் பண்ணிப் பார்த்ததில் 0.53 கிராம், ஹெட் (முன்பக்க விட்டம்) 4.50 பெல்லட்தான் இதுக்கு நல்லா குரூப் ஆகுது, அதாவது ஓட்டையெல்லாம் நெருங்கி விழுது. இப்ப கோயம்புத்தூரில் அதே மாடலில் 4.52 மட்டும்தான் கிடைக்குது. மூணு டின், 1500 பெல்லட். கையால அழுத்தற சைஸிங் டை (பெல்லட்டைத் துளைக்குள் அழுத்தி அளவைக் குறைக்கிற எஃகு அச்சு) ஒண்ணு செஞ்சு, எல்லாத்தையும் 4.50-க்கு இறக்கிடலாமா? டை செய்யத் தெரிஞ்சவங்க அளவு சொல்லுங்க.

வீட்டில் ஒரு பழைய ஸ்பிரிங் ரைபிளும் இருக்கு. அதுக்குப் போடற உள்ளூர் பெல்லட் ஒவ்வொண்ணும் ஒரு சைஸ். ஒண்ணு பிரீச்சில் (பெல்லட் போடற பேரலின் பின்வாயில்) தானா விழுது, அடுத்தது கட்டைவிரல் வலிக்க அழுத்தணும். அதுக்கும் இதே டை உதவுமா?

#2 பத்துமீட்டர் (ஊட்டி)

மேட்ச் பெல்லட்டுக்கு வேண்டாம் தம்பி. ஏன்னு சொல்றேன்.

டின் மேல் போட்டிருக்கும் 4.50, 4.52 எல்லாம் ஹெட் அளவு மட்டும். பின்பக்கம் விரியற ஸ்கர்ட் அதைவிடப் பெரிசு, பெரும்பாலும் 4.7 மில்லிமீட்டருக்கு மேல். சாதாரண டையில் ஒரு பக்கம் நுழைச்சு மறுபக்கம் தள்ளி வெளியே எடுத்தா ரெண்டுமே 4.50 ஆகும். ஹெட்டில் குறைவது 0.02. ஸ்கர்ட்டில் குறைவது 0.2-க்கும் மேல். நீங்க திருத்த நினைச்ச இடத்தில் நடக்கிற வேலையைப் போல பத்து மடங்கு, தொடவே கூடாத இடத்தில் நடக்கும்.

ஸ்கர்ட் பெரிசா, மெல்லிசா இருப்பது காரணமாத்தான். காற்று பின்னால் தள்ளும்போது அது விரிஞ்சு ரைஃப்ளிங் பள்ளத்தை (பேரலுக்குள் சுருளா வெட்டின பள்ளம்) அடைக்கணும். அப்பத்தான் காற்று முன்னால் கசியாது. மேட்ச் ரைபிளின் சக்தி 7.5 ஜூல் பக்கம். அந்த அழுத்தத்தில், முன்னாடியே நசுக்கிச் சின்னதாக்கின ஸ்கர்ட் மறுபடி முழுசா விரியும்னு சொல்ல முடியாது. ஒண்ணு விரியும், ஒண்ணு பாதி விரியும். வேகம் ஷாட்டுக்கு ஷாட் மாறும். சுவர் மெல்லிசா இருப்பதால் டைக்குள் போகும்போதே ஒரு பக்கம் மடியவும் செய்யும். கண்ணுக்குத் தெரியாது, ஆனா பெல்லட்டின் எடை மையம் நகர்ந்திருக்கும்.

இன்னொரு விஷயம். நல்ல ஏர் ரைபிள் பேரல் பலவற்றில் வாய்க்குப் பக்கத்தில் கடைசிச் சில சென்டிமீட்டர் கொஞ்சம் குறுகலா இருக்கும், அதுதான் சோக். எந்தப் பெல்லட் உள்ளே போனாலும் வெளியே வரும் முன் அந்தச் சோக் அதைத் தன் அளவுக்குக் கொண்டுவரும். உங்க பேரலில் சோக் இருந்தா, சைஸிங் டை ஏற்கெனவே உள்ளேயே இருக்கு. இருக்கான்னு பார்க்க, பேரலைச் சுத்தம் பண்ணிட்டு ஒரு பெல்லட்டை பிரீச்சிலிருந்து பித்தளைக் கம்பியோ பூச்சுக் கம்பியோ விட்டு மெதுவா வாய் வரை தள்ளுங்க. முதலில் பிடிக்கும், நடுவில் சீரா போகும், கடைசியில் மறுபடி இறுகும். நடுவில் எங்காவது திடீர்னு தளர்ந்தாலோ பிடிச்சாலோ அது பேரலின் பிரச்சினை. அதை எந்தப் பெல்லட்டும் சரி பண்ணாது.

#3 லேத்பட்டறை (கொடைக்கானல்)

பத்துமீட்டர் அண்ணன் சொல்வது முழு பெல்லட்டையும் தாண்ட விடற டைக்குப் பொருந்தும். ஹெட் மட்டும் அழுத்தற டைன்னு ஒண்ணு இருக்கு. அதுக்கு இந்தக் குற்றச்சாட்டு பொருந்தாது.

EN31 எஃகு உருண்டைக் கம்பியில் 4.4 டிரில், அப்புறம் 4.5 H7 ரீமர் (துளையைச் சரியான அளவுக்குக் கொண்டுவர்ற கருவி). இந்த அளவுக்கு H7-னா துளை 4.500-க்கும் 4.512-க்கும் நடுவில் வரும். ரீமர் ஓட்டும்போது வேகம் குறைச்சு, எண்ணெய் விட்டு, நிறுத்தாம ஒரே போக்கில் உள்ளே போய் வெளியே வரணும். நடுவில் நிறுத்தினா வளையம் விழும். நுழைவாயில் கூம்பு மொத்தக் கோணம் 10-லிருந்து 15 டிகிரி. கூம்பும் துளையும் சேரும் விளிம்பில்தான் வேலையே இருக்கு. அங்கே கூர் இருந்தா டை ஈயத்தை அழுத்தாம சீவும். டையைச் சுத்தி மினுமினுன்னு துகள் தெரிஞ்சா அதுதான். மெருகுப் பசையைக் குச்சியில் தடவி, அந்த விளிம்பு விரலில் தட்டாத வரை தேய்க்கணும்.

துளைக்குள் பின்பக்கமிருந்து 4 மி.மீ. தட்டை முனைக் குச்சி (பின்) ஒண்ணு நிற்கணும். பெல்லட் உள்ளே போய் அதில் முட்டி நிற்கும்போது ஹெட் முழுக்கத் துளைக்குள், இடுப்பு (நடுவில் ஒடுங்கின பகுதி) கூம்பில், ஸ்கர்ட் வெளியே. பிறகு அதே பின்னை முன்னால் தள்ளினா பெல்லட் வந்த வழியே வெளியே வரும். ஸ்கர்ட் துளையைப் பார்க்கவே பார்க்காது.

அழுத்தற பஞ்ச் முக்கியம். ஸ்கர்ட் விளிம்பில் உட்காரக் கூடாது. பெல்லட்டின் உட்குழிவுக்கு ஏத்த மாதிரி முனையைக் கடைஞ்சு, குழியின் அடியில் போய் உட்கார வைக்கணும். விளிம்பில் அழுத்தினா ஸ்கர்ட் வெளியே பிதுங்கும்.

#4 பத்துமீட்டர்

லேத்பட்டறை, வடிவமைப்பு சரி. இப்ப கேள்வி, அழுத்தினதுக்கு அப்புறம் ஹெட் நிஜமா 4.50 ஆச்சான்னு எதை வச்சுச் சொல்வீங்க? டிஜிட்டல் வெர்னியரில் 0.01 தெரியும், ஆனா அதன் துல்லியம் 0.02-க்குக் குறையாது. நீங்க தேடற வித்தியாசமே 0.02. போதாக்குறைக்கு அதன் தாடை ஈயத்தை அழுத்தித் தட்டையாக்கும். கை அழுத்தம் மாறினா அளவும் மாறும்.

#5 லேத்பட்டறை

வெர்னியரை நம்பவே கூடாது. துளைத் தகடுதான். 4.48-லிருந்து 4.53 வரை 0.01 இடைவெளியில் துளை போட்ட எஃகுத் தகடு. பெல்லட்டை ஹெட் கீழே இருக்கும்படி துளையில் வச்சுக் கையை விடணும். ஹெட் தன் எடையிலேயே இறங்கி ஸ்கர்ட்டில் தொங்கினா அந்தத் துளையைவிடச் சின்னது. மேலேயே நின்னா பெரிசு. விரலால் தட்டி இறக்கினா அளவே போச்சு. கடையில் கிடைக்கும் தகடு வாங்கறதே நல்லது. வீட்டில் செய்தா ஒவ்வொரு துளையையும் பின் கேஜ் (துல்லியமா அளவு தெரிஞ்ச எஃகுக் குச்சி) போட்டுச் சரிபார்க்கணும், அந்த வசதி கோயம்புத்தூர் டூல் ரூம்களில் இருக்கு.

#6 குன்னூர்_மேகம்

ஒரு சந்தேகம். இங்கே காலையில் 8 டிகிரி, மத்தியானம் 22. குளிரில் அளந்தா வேற, வெயிலில் அளந்தா வேறன்னு வருமா?

#7 லேத்பட்டறை

வராது. ஈயம் ஒரு டிகிரிக்கு, ஒரு மீட்டருக்கு 29 மைக்ரான் விரியும். 4.5 மில்லிமீட்டருக்கு 20 டிகிரி வித்தியாசம்னாலும் 0.0026 மி.மீ.தான். எஃகுத் தகடும் கூடவே கொஞ்சம் விரிவதால் மிச்சம் 0.0015. கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை.

#8 சுருள்வில் (கோத்தகிரி)

ஸ்பிரிங் ரைபிள் பற்றி யாரும் பேசலியே. அங்கே பெல்லட் இறுக்கம் குரூப்போட விஷயம் மட்டும் இல்லைங்க, ரைபிளோட ஆயுசு விஷயம்.

டிரிக்கர் விட்டதும் பிஸ்டன் முன்னால் ஓடி காற்றை அழுத்துது. பெல்லட் நகர ஆரம்பிக்கிற வரைக்கும் அந்தக் காற்று பிஸ்டனுக்கு மெத்தை மாதிரி. பெல்லட் தளர்வா இருந்தா சீக்கிரமே கிளம்பிடும், காற்று அதன் பின்னால் போயிடும், பிஸ்டன் மெத்தை இல்லாம சிலிண்டர் முனையில் இடிக்கும். சத்தத்திலேயே தெரியும், டங்குன்னு உலோகச் சத்தம் வரும். அது தொடர்ந்தா சீல் தேயும், ஸ்பிரிங் உடையும். ரொம்ப இறுக்கமா இருந்தா நேர் எதிர். பெல்லட் கிளம்பத் தாமதமாகும், பிஸ்டன் அழுத்தின காற்றில் முட்டிப் பின்னால் எகிறும், வேகம் குறையும்.

அதனால ஸ்கர்ட்டைச் சின்னதாக்கற எந்த வேலையும் ஸ்பிரிங் ரைபிளில் தளர்வு பக்கம்தான் தள்ளும். முழு பெல்லட் சைஸிங்கை நானும் எதிர்க்கிறேன். ஆனா உள்ளூர் பெல்லட்டில் ஹெட் பெரிசா, விளிம்பில் பிசிறோட வரும்போது, லேத்பட்டறை சொல்ற ஹெட் டை நல்லா உதவும். பிரீச்சில் போடும்போது எல்லாம் ஒரே மாதிரி உணரும்.

உயரமும் இதில் சேருது. கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 1013 மில்லிபார். ஊட்டி உயரம் 2,240 மீட்டரில் சுமார் 770. ஸ்பிரிங் ரைபிள் சுற்றியிருக்கும் காற்றைத்தான் உறிஞ்சி அழுத்துது. நாலில் ஒரு பங்கு காற்று குறைவுன்னா மெத்தையும் அந்த அளவு மெலிசு. மேட்டுப்பாளையத்தில் சரியா ஓடற பெல்லட் மேலே வந்ததும் டங்குன்னு இடிக்கலாம். அப்ப ஸ்கர்ட் கொஞ்சம் இறுக்கமான பெல்லட்டுக்கோ, கொஞ்சம் எடை கூடின பெல்லட்டுக்கோ மாறிப் பாருங்க. இங்கே தளர்வா சைஸ் பண்ணிப் போடுறது ரைபிளுக்கு நல்லதில்லைங்க.

#9 பத்துமீட்டர்

சுருள்வில் சார் சொன்னதை ஒத்துக்கறேன். ஸ்பிரிங் ரைபிள், உள்ளூர் பெல்லட், ஹெட் மட்டும் டை: இந்த மூணும் சேர்ந்தா எனக்கு ஆட்சேபம் இல்லை.

பிசிபிக்கு உயரம் அவ்வளவா கணக்கில்லை. சிலிண்டரில் 200 பார் இருக்கும்போது வெளியே கால் பார் குறைவது ஒண்ணுமில்லை. மெல்லிய காற்றில் பெல்லட் வேகம் கொஞ்சம் குறைவா இழக்கும், 10 மீட்டரில் அதன் விளைவு கால் மில்லிமீட்டருக்குள் அடங்கும். வெப்பம்தான் பெரிய விஷயம். மேட்டுப்பாளையத்தில் 35 டிகிரியில் 200 பார் நிரப்பின சிலிண்டர், ஊட்டியில் 10 டிகிரிக்கு வந்ததும் 185 பக்கம் காட்டும். கசிவு இல்லை, பயப்படாதீங்க. திருப்பி யோசிங்க. இங்கே குளிரில் 200 நிரப்பி, கீழே இறங்கி வெயிலில் பூட்டின காரில் 45 டிகிரியில் விட்டா 225 ஆகும். 200 பார்னு அச்சிட்ட சிலிண்டரில் இது கூடாது. கீழே போறதா இருந்தா 170-லேயே நிறுத்துங்க.

#10 தாண்டிக்குடி_காப்பி

எடை பார்த்துப் பிரிக்கறது பத்தி? ஹெட்டைவிட எடைதான் முக்கியம்னு ஒரு கட்சி இருக்கே. நகைக்கடைத் தராசு 0.01 கிராம் காட்டுது, அது போதுமா?

#11 பத்துமீட்டர்

போதாது. 0.53 கிராமில் 0.01 என்பது கிட்டத்தட்ட 2 சதவீதம். நல்ல டின்னில் மொத்த வித்தியாசமே அந்தச் சுற்றில்தான் இருக்கும். மில்லிகிராம் காட்டற தராசு, அதாவது 0.001, வேணும். காற்று படாத மூடியோட.

ஆனா 10 மீட்டருக்கு அது தேவையான்னு முதலில் கணக்குப் போட்டுப் பாருங்க. பெல்லட் வேகம் விநாடிக்கு 172 மீட்டர்னு வைங்க. 10 மீட்டர் கடக்க 0.058 விநாடி, அதுக்குள் 17 மில்லிமீட்டர் போல விழும். அதே சக்தியில் எடை 1 சதவீதம் கூடினா வேகம் அரை சதவீதம் குறையும், விழும் தூரம் 1 சதவீதம் கூடும். அதாவது 0.17 மி.மீ. ஐஎஸ்எஸ்எஃப் (சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பு) டார்கெட்டில் தசமப் புள்ளி 0.1-க்கு 0.25 மி.மீ. ஆக 1 சதவீத எடை வித்தியாசம் 0.1 புள்ளியைக் கூட முழுசாத் தொடாது. 25 மீட்டர் ஆடறவங்களுக்குக் கதை வேற, அங்கே அதே 1 சதவீதம் 1 மில்லிமீட்டருக்கு மேல் காட்டும். அவங்க எடை போடட்டும்.

எடையில் ஒரு பயன் உண்டு. கூட்டத்திலிருந்து ரொம்ப விலகின பெல்லட்டில் உள்ளே காற்றுக் குமிழோ மடிப்போ இருக்கலாம். அதைப் பயிற்சிக்கு ஒதுக்கிடலாம்.

#12 தாண்டிக்குடி_காப்பி

நன்றி அண்ணே. கழுவறது பத்தி நானும் கொஞ்சம் சேர்க்கிறேன், ஏன்னா டைக்குள் போடறதுக்கு முன்னாடி கழுவலைன்னா டின்னில் இருக்கும் ஈயத்தூள் டையில் ஒட்டி அடுத்த பெல்லட்டைக் கீறும்.

வெதுவெதுப்பான தண்ணி அரை லிட்டர், பாத்திரம் கழுவற திரவம் நாலைந்து சொட்டு. பிளாஸ்டிக் வடிகட்டியில் 200 பெல்லட்டுக்கு மேல் போடாம, அமுக்காம, மெதுவா சுழற்றணும். வேகமா குலுக்கினா ஒண்ணோடொண்ணு மோதி ஸ்கர்ட் நசுங்கும். ரெண்டு தண்ணியில் அலசி, துண்டில் ஒரே அடுக்கா பரப்பணும்.

காய வைக்கறதுதான் நம்ம ஊரில் சிக்கல். மேகம் வீட்டுக்குள்ளயே வர்ற நாளில் ராத்திரி முழுக்க வச்சாலும் ஸ்கர்ட் குழிக்குள் ஈரம் நிற்கும். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், தள்ளி வச்சு, பத்து நிமிஷம் காட்டுங்க. ஈரத்தோட மூடினா சில வாரத்தில் வெள்ளைப் பொடி பூக்கும். அது ஈயக் கார்பனேட், விஷம், ஊதித் தள்ளக் கூடாது. அந்தப் பெல்லட்டைப் பேரலில் விடவும் கூடாது.

தேக்குப் பெட்டியிலோ அட்டைப் பெட்டியிலோ திறந்து வைக்காதீங்க. மரத்திலிருந்து வரும் அசிட்டிக் அமில ஆவி ஈயத்தை அரிக்கும், ஈரக்காற்றில் இன்னும் வேகமா. மூடி இறுக்கமான தகர டின், உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம், அது போதும்.

கழுவின தண்ணியைத் தோட்டத்திலோ ஓடையிலோ ஊத்தவே கூடாது. மலையில் ஓடற தண்ணி கீழே யாரோ ஒருத்தர் குடிக்கிற தண்ணி. அகலமான டப்பாவில் ஆவியாக விட்டு, அடியில் தங்கினதை ஈயக் கழிவோட, சுட்டு முடிச்ச பெல்லட்டோட சேர்த்து, பழைய பேட்டரி எடுக்கும் முறையான மறுசுழற்சிக்காரங்கிட்ட கொடுங்க. சமையலறைப் பாத்திரம் எதையும் இதுக்குப் பயன்படுத்தாதீங்க. முடிச்சதும் சோப்பு போட்டுக் கை கழுவுங்க. சின்னப் பிள்ளைங்க இருக்கும் அறையில் டை வேலையே வேண்டாம்.

#13 சுருள்வில்

எண்ணெய் பத்தி ஒரு எச்சரிக்கை சேர்த்துடறேங்க. டையில் சைஸ் பண்ணும்போது பெல்லட்டில் மெல்லிய பூச்சு வேணும், இல்லைன்னா ஈயம் டையில் ஒட்டும். ஆனா அந்தப் பூச்சு அதிகமா இருந்து அப்படியே ஸ்பிரிங் ரைபிளுக்குள் போனா, அழுத்தின சூட்டில் எண்ணெய் பத்திக்கும். புகையும், பட்டாசு மாதிரி சத்தமும், வேகம் தாறுமாறா ஏறுறதும் அதனாலதான். சைஸ் பண்ணின பிறகு மறுபடி ஒருமுறை கழுவிக் காய வச்சிடுங்க. பிசிபி ஆளுங்க, காற்று நிரப்பற வால்வு, பம்ப் பக்கம் பெட்ரோலிய எண்ணெய் ஒரு சொட்டு கூட விடக் கூடாது. ஓ-ரிங்குக்கு (காற்றை அடைக்கிற ரப்பர் வளையம்) சிலிக்கோன் கிரீஸ் மட்டும்.

நசுங்கின ஸ்கர்ட்டைச் சரி பண்ண டை தேவையே இல்லை. சைக்கிள் முன்சக்கர பேரிங் குண்டு 4.76 மி.மீ. அதைக் குச்சி முனையில் ஒட்டி ஸ்கர்ட் வாயில் வச்சு லேசா ஒரு சுத்து சுத்தினா வட்டம் திரும்பிடும். அழுத்தினா விரியும், லேசா சுத்தறதே போதும்.

#14 குன்னூர்_மேகம்

ரொம்ப நன்றி எல்லாருக்கும். அப்ப மூணு டின் 4.52-வை என்ன பண்ணட்டும்?

#15 பத்துமீட்டர்

அழுத்தாம, அப்படியே சுட்டுப் பாருங்க. ரைபிளை பெஞ்சில் மூட்டை வச்சோ கிளாம்பிலோ நிறுத்துங்க. பெல்லட் மாத்தினதும் முதல் 15 ஷாட் கணக்கில் வேண்டாம், பேரலில் பழைய ஈயப்பூச்சு மாறணும். பிறகு 4.50-ல் 10 ஷாட், 4.52-ல் 10 ஷாட், மறுபடி 4.50, மறுபடி 4.52. மாற்றும் ஒவ்வொரு முறையும் அந்த 15 ஷாட் உண்டு. இப்படி மாத்தி மாத்திப் போனாத்தான் கை சோர்வு, வெளிச்சம், சூடு எல்லாம் ரெண்டுக்கும் சமமா பங்காகும். 5 ஷாட் குரூப்பை நம்பாதீங்க, ஒரே பெல்லட்டிலேயே ஒரு 5 அழகா வரும், அடுத்த 5 பரவும். ஓட்டையின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு அளந்து எழுதுங்க.

நாலு குரூப்பையும் ஒப்பிட்டதில் 4.52 அரை மில்லிமீட்டருக்குள் பின்தங்கினா, நின்ன நிலைப் பயிற்சிக்கு அந்த 1500-ஐத் தாராளமா செலவழிங்க, கையசைவு அதைவிடப் பெரிசு. போட்டிக்கு 4.50 வரட்டும். வரும்போது டின்னில் இருக்கும் லாட் எண்ணை (தயாரிப்புத் தொகுதி எண்) பார்த்து, ஒரே லாட்டில் பத்து டின் எடுத்து வைங்க. அதே 4.50 வேற லாட்டில் வேற மாதிரி நடந்துக்கும்.

#16 லேத்பட்டறை

மேகம் தம்பி, ஸ்பிரிங் ரைபிளுக்கு ஹெட் டை வேணும்னா 4.5 H7 ரீமரோட நிறுத்துங்க, அதுக்குக் கீழே போக வேண்டாம். முதலில் துளைத் தகட்டில் பிரிச்சு, 4.52 துளையில் இறங்காம மேலேயே நிற்பதை மட்டும் டைக்குள் விடுங்க. தானா விழற தளர்வான பெல்லட்டைப் பெரிசாக்கற வித்தை எந்த டையிலும் இல்லை, அதை ஈயக் கழிவு டப்பாவில் போட்டுடுங்க.

#17 இழை நிர்வாகி

புதுசா படிக்கறவங்களுக்காக: 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டருக்கு மேல் இல்லாத, 20 ஜூல் தாண்டாத ஏர் ரைபிளுக்குத்தான் உரிமம் வேண்டாம். இந்த இழை அவற்றைப் பற்றி மட்டும். சக்தியைக் கூட்டும் கேள்விகள் நீக்கப்படும்.

ஊட்டியிலிருந்து மசினகுடி, தெப்பக்காடு வழியா மைசூரு போறவங்க கவனிக்கணும், அந்தச் சாலை முதுமலைக்குள் போகுது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972, பிரிவு 31-ன்படி தலைமை வன உயிரினக் காப்பாளர் அல்லது அதிகாரம் பெற்ற அலுவலரின் எழுத்து அனுமதி இல்லாம சரணாலயத்துக்குள் ஆயுதம் கொண்டு போகக் கூடாது. அந்தச் சட்டத்தின் விளக்கத்தில் விலங்கைக் காயப்படுத்தக் கூடிய எந்தக் கருவியும் ஆயுதம்தான், ஏர் ரைபிளும் சேர்த்தி. உரிமம் தேவையில்லாத ரைபிள்னு சொல்றது அங்கே செல்லாது. கொடைக்கானல் வன உயிரினச் சரணாலயத்துக்கும் இதேதான், பேரிஜம் பக்கம் காரில் ரைபிளை வச்சுக்கிட்டுச் சுத்தாதீங்க. போட்டிக்குப் போறவங்க மேட்டுப்பாளையம் வழியா இறங்கறதானாலும் ரைபிளைப் பூட்டின பெட்டியில், பெல்லட்டைத் தனியா வச்சுக் கொண்டு போங்க.

#18 குன்னூர்_மேகம்

சரிங்க. ஞாயிற்றுக்கிழமை 4.50, 4.52 மாத்தி மாத்தி 10 ஷாட் நாலு குரூப் போட்டு, அட்டையின் படத்தையும் அளவையும் இங்கேயே பதியறேன். லேத்பட்டறை அண்ணே, ஹெட் டைக்கு அந்த 4 மி.மீ. பின் எவ்வளவு உள்ளே நிற்கணும்?

#19 லேத்பட்டறை

உங்க பெல்லட்டின் ஹெட் பட்டை எவ்வளவு அகலம்னு லென்ஸில் பாருங்க. கூம்பு முடியும் இடத்திலிருந்து அந்த அகலம், கூட 0.3 மி.மீ. அவ்வளவு ஆழத்தில் பின் முகம் நிற்கட்டும். பின்னுக்குப் பின்னால் ஒரு ஸ்குரூ போட்டு லாக் நட் வச்சிடுங்க, வேற பிராண்டு வந்தா திருகி மாத்திக்கலாம். முதல் பத்து பெல்லட்டைத் தகட்டில் போட்டுப் பார்த்துட்டு அப்புறம் மத்ததைத் தொடுங்க.